பாறை நத்தையின் பெயர் அதன் வாயில் இருக்கிறது!

பாடியில் பல வீடுகளின் ஷோகேஸில், கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் கடலும் இருக்கும். ராமேஸ்வரத்தில் வாங்கிய ஒரு சங்கு, கன்னியாகுமரியில் வாங்கிய சோழி மாலை, மெரினாவில் பொறுக்கி வந்த நாலைந்து ஓடுகள். தூசு தட்டும் நாளில் மட்டும்தான் அவை கைக்கு வரும்.

அன்றைக்கு வீட்டுக் குழந்தை அதில் ஒன்றை எடுத்து, ‘இது என்ன?’ என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பாட்டி ‘கிளிஞ்சல்’ என்பார். அம்மா ‘சிப்பி’ என்பார். அப்பா போனை எடுத்து ஒரு படம் பிடித்து, திரையில் வந்த பெயரைத் தட்டுத் தடுமாறி வாசிப்பார். ஓட்டைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தால் வேறு பெயர் வரும்!

போனைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டுமோ, அந்தப் பக்கத்தை நாம் காட்டுவதில்லை. கடல் நத்தையை அடையாளம் காண்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அந்த முறை தெரிந்தவருக்குக் கடற்கரை ஒரு புது இடமாகிவிடும். ஒரே ஒரு நத்தையின் விஷயத்தில், அது உயிரையே காப்பாற்றும்.

சிப்பியா, நத்தையா?

முதல் கேள்வி இதுதான். சிப்பிக்கு இரண்டு மூடிகள். டிபன் பாக்ஸ் போலத் திறந்து மூடும். கரையில் கிடைக்கும் விசிறி வடிவ ஓடுகள் பெரும்பாலும் சிப்பியின் ஒரு பாதி. நத்தைக்கு ஓடு ஒன்றுதான். பெரும்பாலும் அது மாடிப்படி போலச் சுருண்டு சுருண்டு போகும்.

அப்படிப் பார்த்தால் பூஜை அறையில் இருக்கும் சங்கும் நத்தைதான். பல்லாங்குழியில் போடும் சோழியும் நத்தைதான். உள்ளே இருந்த உயிர் போய், வீடு மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது. இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் ஏறும் நத்தைக்கும் மாலையில் ஊதும் சங்குக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

மணல் கரையில் பாறை எங்கிருந்து வந்தது?

பாடியில் இருந்து நேராகக் கிழக்கே போனால் சுமார் 12 கிலோமீட்டரில் கடல். வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டினால் ராயபுரம், காசிமேடு. அங்கிருந்து வடக்கே எண்ணூர் வரைக்கும் சாலையை ஒட்டிக் கருங்கற்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும்.

அவை இயற்கையாக அமைந்த பாறைகள் அல்ல. சென்னைக் கடற்கரை மணல் கரை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்களைக் கட்டியபோது, தெற்கில் இருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த கடல் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் ஊருக்குள் புகுந்தது. அதைத் தடுக்கத்தான் லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீட்டியபடி தடுப்புச் சுவர்களும் கட்டினார்கள்.

கல்லை லாரி கொண்டுவந்தது. கல்லில் ஒட்டியிருக்கும் நத்தையை யார் கொண்டுவந்தார்கள்? கடல்தான். பாறைக் கரை நத்தைகள் பலவற்றின் குஞ்சுகள், கண்ணுக்குத் தெரியாத துகள் அளவில் நீரோட்டத்தோடு மிதந்து போகின்றன. சில நாட்களோ, சில வாரங்களோ கழித்து, ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் கிடைத்தால் அங்கே இறங்கிவிடும். மணலில் இறங்கினால் பிழைக்க முடியாது. கல் கிடைத்தால் குடித்தனம் ஆரம்பம்.

அதனால்தான் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் அதே நத்தை இலங்கையிலும் இருக்கிறது, இந்தோனேசியாவிலும் இருக்கிறது, பசிபிக் தீவுகளிலும் இருக்கிறது. வெப்ப மண்டலத்தின் பாறைக் கரைகளில் இப்படி எங்கும் நிறைந்திருக்கும் ஒரு குடும்பத்தின் பெயர், நெரிட்டா. பாறைக் கரையில் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நத்தை இதுதான்.

நிறத்தை நம்பினால் ஏமாந்தீர்கள்

நெரிட்டா பெரிய நத்தை அல்ல. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். உருண்டையாக, கனமாக, கொட்டைப்பாக்கைப் பாதியாக வெட்டியது போலப் பாறையில் ஒட்டியிருக்கும். கூர்மையான கோபுரம் கிடையாது. வெயில் ஏறினால் கல்லிடுக்கில் பத்து, இருபது சேர்ந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.

பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது நிறத்தைத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் வெள்ளைப் புள்ளி, ஒன்றில் செங்கல் நிறப் பட்டை. ‘நாலு நிறம் இருக்கிறது, அப்படியானால் நாலு வகை’ என்று முடிவுகட்டிவிடுவோம். இங்கேதான் தவறு நடக்கிறது.

நத்தையின் நிறம் புடவைக் கடை மாதிரி. ஒரே நெசவில் நூறு கலர் இருக்கும். நெரிட்டா குடும்பத்தில் ஓர் இனத்துக்கு ‘நெரிட்டா கமேலியான்’ என்றே பெயர். அதாவது, பச்சோந்தி. அந்தப் பெயரை வைத்தவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் அவர். 1758-ல் வந்த அவருடைய நூலின் 10-ம் பதிப்பில்தான் விலங்குகளின் அறிவியல் பெயர்கள் தொடங்குகின்றன. நெரிட்டாக்கள் பலவற்றுக்கு அந்த நூலிலேயே பெயர் கிடைத்துவிட்டது. பச்சோந்தி என்று அவர் வைத்த பெயரே நமக்கு ஓர் எச்சரிக்கை: நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாதே!

நிறம் வேறு வழியிலும் ஏமாற்றும். உயிரோடு இருக்கும் நத்தையின் மேல் பாசி படிந்து பச்சையாகத் தெரியும். செத்துக் கரையில் கிடக்கும் ஓடு, வெயிலிலும் மணலிலும் தேய்ந்து வெளுத்துப் போயிருக்கும். இரண்டும் ஒரே நத்தை என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

எப்படிப் பிடிப்பது?

ஷோகேஸில் இருக்கும் காலி ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூரான உச்சி மேலே இருக்கட்டும். வாய், அதாவது நத்தை வெளியே வரும் துவாரம், உங்களைப் பார்க்கட்டும். உலகம் முழுக்க நத்தையை ஆராய்பவர்கள் இப்படித்தான் பிடிப்பார்கள், இப்படித்தான் படம் எடுப்பார்கள்.

இப்போது வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? பெரும்பாலும் வலப்பக்கம்தான். நத்தைகளில் மிகப் பெரும்பான்மை இப்படித்தான் இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நாம் பெரிதாக மதிக்கும் வலம்புரிச் சங்கை இப்படி உச்சி மேலே இருக்கும்படி பிடித்தால், அதன் வாய் இடப்பக்கம் திறக்கும். விஞ்ஞானிகள் அதை ‘இடம்புரி’ என்பார்கள். நாம் சங்கை அபிஷேகத்துக்கும் பூஜைக்கும் உச்சி கீழே இருக்கும்படி பிடிப்பதால், நமக்கு அது வலம்புரி. சங்கு ஒன்றுதான், பிடிக்கிற விதம்தான் வேறு. சாதாரணச் சங்குகளில் வலம்புரி மிக மிக அபூர்வம் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வாய் சொல்லும் அடையாளம்

நெரிட்டாவின் வாயைப் பார்த்தால் மூன்று அடையாளங்கள் தெரியும்.

ஒன்று, வாயின் வடிவம். முழு வட்டம் அல்ல, அரை வட்டம். அரை நிலா போல ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் நேராகவும் இருக்கும்.

இரண்டு, அந்த நேர்ப் பக்கத்தில் ஒரு திண்ணை. தட்டையாக, வழவழவென்று அல்லது மேடு பள்ளமாக ஒரு மேடை இருக்கும். அதன் ஓரத்தில் பல் போல முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். திண்ணையும் பல்லும் சேர்ந்து இருந்தால், அது நெரிட்டா என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம்.

மூன்று, மூடி. உயிருள்ள நெரிட்டா ஆபத்து வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு சுண்ணாம்பால் ஆனது, கல் போலக் கெட்டி. அதுவும் அரை நிலா வடிவம்தான். தண்ணீர் இறங்கிப் பாறை காயும் நேரத்தில், கொஞ்சம் கடல் நீரை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அடுத்த அலை வரும்வரை அந்தத் தண்ணீர்தான் அதற்கு உயிர். வெயில் கொதிக்கும் கல்லில் அது தாக்குப்பிடிக்கும் ரகசியம் இந்தக் கதவில் இருக்கிறது.

குடும்பம் தெரிந்துவிட்டது. உள்ளே எந்த இனம் என்பதற்கும் வாய்தான் பதில் சொல்லும்.

திண்ணையிலும் மூடியிலும் ரவை தூவியது போலச் சின்னச் சின்ன மணிகள் இருக்கிறதா? ஓட்டின் உச்சி கிட்டத்தட்டத் தட்டையா? அது நெரிட்டா அல்பிசில்லா.

ஓடு எண்ணெய் தடவியது போல வழவழப்பாக, வரியே இல்லாமல் பளபளக்கிறதா? அது நெரிட்டா பொலிட்டா. ‘மெருகேற்றியது’ என்று பொருள். பகலில் இது பாறையடி மணலில் புதைந்திருப்பதும் உண்டு.

ஓடு வெளிறிய நிறத்தில், கயிறு சுற்றியது போலத் தடித்த வரிகளோடு இருக்கிறதா? வாயின் இரு பக்கமும் பற்கள் எடுப்பாகத் தெரிகிறதா? அது நெரிட்டா பிளிகாட்டா, அதாவது மடிப்பு மடிப்பானது. பாறையின் மேல் பகுதியில் இருக்கும்.

மெல்லிய வரிகள் பல, திண்ணையில் சுருக்கம் சுருக்கமாக மடிப்புகள், நிறமோ ஆளுக்கு ஆள் வேறு என்றால், மேலே சொன்ன பச்சோந்தி.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

அதே பாறையில் வேறு நத்தைகளும் குடியிருக்கும். அடுக்குமாடி போல யாருக்கு எந்த மாடி என்பது ஓரளவு ஒழுங்காகவே இருக்கும். சென்னையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனால் மாடிகள் நெருக்கமாக இருக்கும், கூர்ந்து பார்க்க வேண்டும்.

அலைச் சாரல் மட்டும் படும் உச்சியில், மிளகு முதல் கொண்டைக்கடலை அளவு வரை சின்னச் சின்ன நத்தைகள் கூரான உச்சியோடு ஒட்டியிருந்தால், அவை லிட்டரினா குடும்பம். வாய் வட்டமாக, திண்ணை இல்லாமல் இருக்கும். மூடி மெல்லியது, நகம் போன்றது.

சுருளே இல்லாமல், தொப்பியைக் கவிழ்த்தது போல ஒட்டியிருந்தால் அது லிம்பெட். இதற்கு மூடி கிடையாது. பாறையே அதற்கு மூடி. இழுத்துப் பார்க்காதீர்கள். கல்லை அவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கும், பிய்த்தால் செத்துப்போகும்.

வாய் முழு வட்டமாக, உள்ளே முத்துப் போலப் பளபளத்தால் அது டர்போ குடும்பம். அதன் மூடி பொத்தான் போல உருண்டையாக, தடிமனாக இருக்கும். பம்பரம் போன்ற வடிவம், உள்ளே முத்துப் பளபளப்பு, மூடி மட்டும் மெல்லியது என்றால் டிரோகஸ் குடும்பம். அந்தக் காலத்துச் சட்டைப் பொத்தான்கள் பலவும் டிரோகஸ் ஓட்டில் அறுத்தவைதான்.

ஓட்டின் மேல் முண்டு முண்டாக மேடுகள், வாயின் அடி நுனியில் ஒரு வெட்டு இருந்தால் அது தாயிஸ் வகை. அந்த வெட்டைக் கவனியுங்கள். அதன் வழியாக ஒரு குழாயை நீட்டித் தண்ணீரை மோப்பம் பிடித்து இரை தேடும். பாறையில் ஒட்டிக் காலைக் கீறும் கொட்டலசையும் சிப்பியையும் ஓட்டில் ஓட்டை போட்டுத் தின்னும். வாயில் வெட்டு இருந்தால் பெரும்பாலும் அசைவம், வெட்டு இல்லாமல் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் சைவம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். நெரிட்டா சைவம். அரம் போன்ற நாக்கால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும்.

ஆக, வாயைப் பார்த்தால் பெயர் மட்டும் அல்ல, அந்த நத்தை என்ன சாப்பிடும் என்பதும் தெரிந்துவிடும்.

கைபடக் கூடாத ஒன்று

இனி, எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டிய விஷயம்.

ஐஸ்கிரீம் கோன் போன்ற வடிவம். வாய் வட்டமாகவோ அரை நிலாவாகவோ இல்லாமல், ஓட்டின் நீளம் முழுக்க ஒடுங்கிய கீறலாக ஓடும். மேலே மிக அழகான கோலம். இது கூம்பு நத்தை. அறிவியல் பெயர் கோனஸ். இந்தக் குடும்பத்தில் எல்லாமே விஷமுள்ளவை.

இதன் பல், ஊசி போல மாறியிருக்கிறது. துதிக்கை போன்ற குழாயின் நுனியில் அந்த ஊசியை வைத்து இரையைக் குத்தும். சில இனங்கள் புழுவைத் தின்னும், சில பிற நத்தையைத் தின்னும். மீனைத் தின்னும் இனங்கள்தான் மனிதருக்கு மிக ஆபத்தானவை. நீந்தும் மீனை நொடியில் அசையாமல் செய்தால்தான் மெதுவாக ஊரும் நத்தைக்கு அது கிடைக்கும். விஷத்துக்கு அவ்வளவு வேகம். கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனத்தால்தான் மனித உயிரிழப்புகள் அதிகம். உலக அளவில் கூம்பு நத்தை குத்தி 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன.

இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ் என்ற அறிஞர், பார்வை இழந்த பிறகும் விடாமல் கடல் உயிர்களைப் பற்றி எழுதியவர். அவர் மறைந்த பின் 1705-ல் வெளியான நூலில், கூம்பு நத்தையைக் கையில் பிடித்த ஒரு பெண் இறந்துபோனதை எழுதியிருக்கிறார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்த எச்சரிக்கை அது. அந்தப் பெண்ணைப் போலவே, பிற்காலத்தில் குத்துப்பட்ட பலரும் செய்தது ஒன்றுதான்: அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தார்கள்.

சென்னையின் கற்சுவரில் ஆபத்தான கூம்பு நத்தையைப் பார்ப்பது அரிது. ஆனால், மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் என்று சுற்றுலா போகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வலையில் சிக்கிக் கரைக்கு வருவதும் உண்டு. ‘அகலமான பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் செய்யாது’ என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அந்தக் குழாய் நீளும், வளையும். ஓட்டின் எந்தப் பக்கமும் பாதுகாப்பு அல்ல. பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து.

குத்துப்பட்டால் முதலில் வலியே தெரியாமலும் போகலாம். பிறகு மரத்துப்போகும், உதடு கூசும், கண் இமை தொங்கும், மூச்சு விடச் சிரமமாகும். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. குத்துப்பட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல், அகலமான துணியால் சுற்றிக் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷம் இறங்கும்வரை மூச்சுக்கு உதவி கிடைத்தால் பிழைத்துக்கொள்வார்கள். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ரத்த ஓட்டமே நிற்கும்படி கயிறு கட்டுவது எதுவும் கூடாது.

கூம்பு நத்தையின் விஷத்திலேயே மருந்தும் இருந்தது. கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் விஷத்தை ஒட்டிச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட சிக்கோனோடைடு என்ற வலி மருந்துக்கு, 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தாங்க முடியாத நாள்பட்ட வலிக்கு, தண்டுவடத் திரவத்துக்குள் நேராகச் செலுத்தும் மருந்து அது. எந்த இனத்தின் விஷம் என்று சரியாக அடையாளம் காணாமல் இப்படி ஒரு மருந்து வந்திருக்காது.

குழந்தைகளுக்குச் சொல்ல ஒரே வரி போதும்: ‘வாய் நீளக் கீறலாக இருந்தால், கை பின்னால போகணும்.’

போனில் நாலு படம்

உயிருள்ள நத்தையை வீட்டுக்கு எடுத்து வர வேண்டியதே இல்லை. போன் இருக்கிறது.

முதல் படம், நத்தை இருக்கும் இடம். பாறையின் உச்சியா, நடுவா, தண்ணீருக்குள்ளா என்பது தெரிய வேண்டும். இரண்டாவது, மேலிருந்து. மூன்றாவது, பக்கவாட்டில். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். நான்காவதுதான் முக்கியம்: வாய். கூம்பு வடிவம் அல்ல என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மெதுவாகத் திருப்பி, படம் எடுத்து, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட வேண்டும். காலி ஓட்டுக்குள்ளிருந்து கால்கள் எட்டிப் பார்த்தால் அது நத்தை அல்ல, வாடகைக்கு வந்த துறவி நண்டு. அதையும் விட்டுவிடுங்கள். அதற்கு வேறு வீடு கிடைப்பது கஷ்டம்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் நாலு படத்தையும் தேதி, இடத்தோடு போட்டால், செயலி ஊகிக்கும். பிறகு நத்தை தெரிந்தவர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். ஒற்றைப் படத்தைவிட நாலு படத்துக்குச் சரியான பெயர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கடல் உள்வாங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் இறங்கும். கற்சுவரில் பாசி வழுக்கும், அலை சொல்லாமல் ஏறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். மற்ற நாட்களிலும் சுவரின் நுனிக்குப் போகாமல், கரையோரக் கல்லிலேயே பார்க்கலாம். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, சட்டம். கொம்புள்ள ஹெல்மெட் சங்கு, ட்ரைட்டன் சங்கு உள்ளிட்ட பல ஓடுகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. சுற்றுலாத் தலத்தில் கடையில் விற்றாலும் வாங்குவது குற்றமாகலாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் பொறுக்கக் கூடாது.

எழும்பூரில் ஒரு பழைய பட்டியல்

‘பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்பவர்களுக்கு, எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பதில் இருக்கிறது.

1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எஃப்.எச்.கிரேவ்லி. சென்னைக் கடற்கரையில் கிடைக்கும் ஓடுகளையும் பிற உயிர்களின் எச்சங்களையும் பற்றி அவர் எழுதிய நூலை, அருங்காட்சியகம் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. முதல் பகுதி 1941-ல், நத்தைகளுக்கு என்றே தனியாக இரண்டாம் பகுதி 1942-ல். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு நடுவிலும் சென்னைக் கரையில் எந்தெந்த நத்தை ஒதுங்குகிறது என்று ஒருவர் வரிசையாக எழுதிவைத்தார். அதைத் தொடர்ந்து, ராமேஸ்வரம் அருகே உள்ள குருசடைத் தீவின் நத்தைகளைப் பற்றி எஸ்.டி.சத்தியமூர்த்தி எழுதிய நூலை 1952-ல் அதே அருங்காட்சியகம் வெளியிட்டது.

அந்தப் பட்டியல்களின் அருமை, ஒன்று தொலைந்த பிறகுதான் தெரியும். 2017 ஜனவரி 28-ம் தேதி எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கற்சுவர்களில் தார் போல அப்பியது. மீனவர்களும் இளைஞர்களும் வாளியில் அள்ளி அள்ளிக் கொட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய்.

அந்தக் கற்களில் அதற்கு முன் எத்தனை நெரிட்டா இருந்தன, எந்த இனம், எந்த உயரத்தில்? அதற்குப் பின் எத்தனை மிஞ்சின? முன்பு இருந்ததை எழுதிவைத்திருந்தால்தானே இழந்ததைக் கணக்குப் போட முடியும்? பெயரில்லாத ஒன்று காணாமல் போனால், புகார் கொடுக்கக்கூட வழியில்லை.

கிரேவ்லியின் காலத்தில் அந்த வேலைக்கு ஓர் அருங்காட்சியகமும், கண்ணாடிக் குப்பிகளும், பல வருட உழைப்பும் தேவைப்பட்டன. இன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாடியிலிருந்து கிளம்பி, காசிமேட்டுக் கல்லில் ஒட்டியிருக்கும் ஒரு நத்தையை நாலு படம் எடுத்து, பெயரும் தேதியும் போட்டு வைக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை, அதே பட்டியலில் ஒரு வரி சேர்க்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பிள்ளை ஷோகேஸைத் திறக்கும். பாட்டி ‘கிளிஞ்சல்’ என்று சொன்ன அந்த ஓட்டை எடுத்து, உச்சியை மேலே வைத்து, வாயைத் தன் பக்கம் திருப்பும். அரை நிலா. திண்ணை. ஓரத்தில் குட்டிக் குட்டிப் பல்.

‘பாட்டி, இதோட பேரு நெரிட்டா!’